போதையனார் பாட்டில் கோணம் எங்கே?

தமிழ் எழுத்து தெரிந்தவர் கைப்பேசிக்குள் போதையனார் பாட்டு ஒருமுறையாவது வந்து போயிருக்கும். செங்கோண முக்கோணத்தின் நீளமான பக்கத்தை எட்டாகப் பகுத்து, அதில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். எஞ்சியதோடு குட்டைப் பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம் கிடைத்துவிடும் என்பது அதன் சாரம். பாட்டோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பாட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வரும் உரையோடுதான் சண்டை. பிதாகரஸுக்கு முன்பே தமிழன் கண்ட தேற்றம் இது. வர்க்கமூலம் தேவைப்படாததால் பிதாகரஸின் வழியைவிட உயர்ந்தது. ஆகவே முக்கோணவியல் பிறந்த மண் தமிழ் மண். மூன்று வாக்கியம்தான். பட்டிமன்றத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் இவற்றுக்குக் கைதட்டல் உறுதி. பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் பாடத்தையே இதைச் சொல்லித் தொடங்கும் ஆசிரியர்களும் உண்டு.

மூன்றும் தவறு. முன்னிரண்டும் கணக்கிலேயே அடிபட்டுப் போகும். மூன்றாவதுதான் அதிக எரிச்சல் தருவது. முக்கோணவியலில் தமிழ்நாட்டுக்கு உண்மையாகவே ஒரு பங்கு உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்து மணலூர்பேட்டையில், தென்பெண்ணைக் கரையில், ஆண்டுதோறும் ஊரே கூடி அதன் பலனை அனுபவிக்கிறது. அதைப் பற்றி யாரும் செய்தி அனுப்பி நான் பார்த்ததில்லை.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். பாட்டைப் பரப்புவோர் காட்டும் எடுத்துக்காட்டு 3, 4. நான்கில் எட்டில் ஒரு பங்கு அரை; அது போனால் மூன்றரை; மூன்றில் பாதி ஒன்றரை; ஆக 5. சரிதான். இன்னொன்று கேட்டால் 5, 12 வரும். பன்னிரண்டில் ஒன்றரை போகப் பத்தரை, அதோடு இரண்டரை, மொத்தம் 13. அதுவும் சரி. அங்கே நிறுத்திவிடுவார்கள். நாம் நிறுத்த வேண்டாம். 8, 15 எடுத்தால் வர வேண்டியது 17, வருவது 17.125. 7, 24 எடுத்தால் வர வேண்டியது 25, வருவது 24.5. 20, 21 எடுத்தால் 29க்குப் பதிலாக 28.375.

இதெல்லாம் சில்லறைப் பிழை, பெரிதுபடுத்தாதே என்பவர்களுக்காக 9, 40 என்ற முக்கோணத்தை வைத்திருக்கிறேன். உண்மையான கர்ணம் 41. பாட்டின்படி நாற்பதில் ஐந்து போக 35, அதோடு நாலரை, ஆக 39.5. நாற்பதைவிடக் குறைவு! செங்கோண முக்கோணத்தில் கர்ணம்தான் பெரிய பக்கம். இங்கே அது அடிப்பக்கத்தைவிடச் சின்னதாகிவிட்டது. குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் காலுக்கும் கீழே இறங்கும்போதெல்லாம் பாட்டு இந்தக் கூத்தைச் செய்யும்.

பாட்டு எங்கேதான் சரியாக வரும்? குட்டைப் பக்கத்துக்கும் நீளப் பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை ஓர் எழுத்தால் குறித்து, பாட்டின் விடையையும் தேற்றத்தின் விடையையும் சமப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். பத்தாம் வகுப்பு மாணவர் தீர்த்துவிடுவார். இருபடிக்கு இரண்டு விடைக்கு மேல் கிடையாது. இங்கே அவை 3/4, 5/12. உலகத்தில் உள்ள எண்ணற்ற செங்கோண முக்கோண வடிவங்களில் பாட்டு துல்லியமாகப் பொருந்துவது இந்த இரண்டு வடிவங்களுக்கு மட்டும். எடுத்துக்காட்டுகள் இரண்டோடு நின்றுபோவதன் ரகசியம் இதுதான்.

இன்னும் ஒரு படி போகலாம். நான்கில் இத்தனை பங்கும் மூன்றில் இத்தனை பங்கும் சேர்ந்து 5 ஆக வேண்டும். அதே பங்குகளை 12, 5 மேல் வைத்தால் 13 ஆக வேண்டும். இப்படிக் கேட்டால் ஒரே விடைதான் உண்டு: எட்டில் ஏழு, இரண்டில் ஒன்று. அப்படியானால் பாட்டைக் கட்டியவர் கையில் 3, 4, 5 என்ற மூன்றும் 5, 12, 13 என்ற மூன்றும் ஏற்கெனவே இருந்திருக்கின்றன. தேற்றத்தின் பலனைத் தெரிந்துகொண்டு, அதை வர்க்கமூலம் போடத் தெரியாதவருக்கும் எட்டும்படி இறக்கித் தந்திருக்கிறார். தேற்றம் இல்லாமல் பாட்டு இல்லை. பாட்டு தேற்றத்தை வென்றது என்பது பேரன் தாத்தாவுக்கு முன்பே பிறந்தான் என்பது போல.

இப்படிச் சொல்வதால் பாட்டைக் கட்டியவரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த இரண்டு விகிதங்களையும் சாய்வாக வரைந்து பாருங்கள். ஒன்று சுமார் 23 பாகை, மற்றது சுமார் 37 பாகை. ஓட்டு வீட்டுக் கூரையின் சாய்வு பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். இந்த எல்லைக்குள் பாட்டின் விடை நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகாது. பிசகினாலும் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். பத்தடிக்குக் கணக்குப் போட்டால் அதிகபட்சம் ஓரங்குலம் நீளம். கைமரம் ஓரங்குலம் நீண்டால் அறுத்துக்கொள்ளலாம். குறைந்தால் மரம் வீண். தச்சருக்கு இதைவிட நல்ல வாய்ப்பாடு வேண்டாம். நல்ல தச்சு வாய்ப்பாட்டைக் கணிதத் தேற்றம் என்று மேடையேற்றி, 9, 40 என்று ஒரு பையன் கேட்டவுடன் அதைத் தலைகுனிய வைப்பதுதான் அநியாயம்.

பிதாகரஸை முந்தியது என்ற பெருமையும் நிற்காது. அவரை முந்துவது அவ்வளவு கடினமான காரியமே இல்லை. அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய பாபிலோனியக் களிமண் பலகைகளில் இந்த எண் மூன்றுகள் வரிசையாக இருக்கின்றன. பிளிம்டன் 322 என்ற பலகை இதற்காகவே பேர்பெற்றது. இன்னொரு பலகையில் சதுரத்தின் மூலைவிட்டம், பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான பிழையோடு குறிக்கப்பட்டிருக்கிறது. வடமொழிச் சுல்ப சூத்திரத்தில் போதாயனர் செவ்வகத்தின் மூலைவிட்டத்துக்கு முழு விதியையும் சொல்லிவிட்டு, சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு 1.41421 வரை சரியாக வரும் பின்னத்தையும் தருகிறார். போதையனார் பாட்டு அதே சதுரத்துக்குத் தருவது 1.375. இருவரும் ஒருவரே என்று வாதிடுவோர் போதாயனருக்குச் செய்வது மரியாதை ஆகாது. பாட்டின் நடையோ பழந்தமிழ் நடை அல்ல. சங்கப் பாடல் நாலு படித்த காதுக்கே இது தெரிந்துவிடும்.

தமிழில் துல்லியமான வடிவியல் விதியே இல்லையா என்றால், இருக்கிறது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்குச் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கச் சொல்கிறது. சிறியதோ பெரியதோ, எந்த வட்டத்துக்கும் அது எள்ளளவும் பிசகாது. அந்தப் பாட்டை யாரும் அனுப்பிவைப்பதில்லை. எந்த வெள்ளைக்காரரையும் தோற்கடிக்க அது உதவாது, அதனால் இருக்கும்.

ஓர் எதிர்வாதம் மட்டும் நியாயமானது. சைன் அட்டவணைகளும் தோராயம்தானே, அவற்றை ஏற்கும் நீ பாட்டின் தோராயத்தை மட்டும் ஏன் தள்ளுகிறாய்? ஏனென்றால் அட்டவணையின் தோராயத்தை விரும்பிய அளவுக்குக் குறைக்கலாம். இன்னும் நெருக்கமான கோணங்களுக்குக் கணக்கிட்டால் பிழை குறையும். சங்கமகிராமத்து மாதவன் 14ஆம் நூற்றாண்டில் செய்தது அதுதான், முடிவில்லாத் தொடர் கண்டு பிழையை விரட்டிக்கொண்டே போனார். எட்டில் ஏழையும் இரண்டில் ஒன்றையும் எத்தனை ஆண்டு தீட்டினாலும் அவை கூர்மையாகமாட்டா.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். பாட்டு சரியாகவே இருந்துவிட்டாலும் அது முக்கோணவியல் ஆகாது. இரண்டு பக்கம் கொடுத்து மூன்றாவது பக்கம் கேட்பது வடிவியல். முக்கோணவியலின் வேலை கோணத்தை நீளமாகவும் நீளத்தைக் கோணமாகவும் மாற்றித் தருவது. கோபுர உச்சி 30 பாகையில் தெரிகிறது, அடிவாரம் இத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது, உயரம் என்ன? பாடநூலில் வரும் இந்த வகைக் கணக்கில் போதையனார் பாட்டுக்கு நுழைய வாசலே கிடையாது. பாட்டில் கோணம் கேட்கப்படவும் இல்லை, சொல்லப்படவும் இல்லை.

பாடநூலின் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. கோபுரமும் பட்டமும் கலங்கரை விளக்கமுமாகவே கணக்கைப் போட்டுப் போட்டு, உயரம் அளக்கத்தான் இந்தக் கலை பிறந்தது என்று பிள்ளைகளை நம்ப வைத்துவிட்டோம். மரத்தின் உயரம் வேண்டுமானால் நிழலை அளந்தால் போதும், சைன் எதற்கு? வானத்தில்தான் நிலைமை வேறு. சூரியனுக்கோ சந்திரனுக்கோ கயிறு போட்டு அளக்க முடியாது. அங்கிருந்து நம் கண்ணுக்குக் கிடைப்பது கோணம் ஒன்றுதான். அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு நாளை எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டிய கட்டாயத்தில் பிறந்தது இந்தக் கலை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் வட்டத்தின் நாண்களுக்கு அட்டவணை போட்டார். அலெக்சாந்திரியாவின் தாலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அரைப் பாகைக்கு ஒன்றாக அதை விரித்தார். ஆரியபட்டர் கி.பி. 499இல் முழு நாணை விட்டு அரை நாணை எடுத்துக்கொண்டு, கால் வட்டத்தை 24 ஆகப் பகுத்து, 24 எண்களை ஒரே செய்யுளுக்குள் அடைத்தார். நாம் இன்று சைன் என்பது அந்த அரை நாண்தான். வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை (பாகைக்கு 60 கலை). அதே கலையில் அளந்தால் ஆரம் 3,438. வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் அளப்பது என்ற அவருடைய யோசனை, கல்லூரிக்குப் போனபின் நாம் படிக்கும் ரேடியனின் வேர். (சைன் என்ற பெயர் பாக்தாத் வழியாக எப்படிக் கைமாறியது என்ற கதையைப் பலரும் எழுதியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன்.) வானியலின் வாலாக இருந்த இதைத் தனிக் கலையாகப் பிரித்து நடத்தியவர் 13ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் நசீருத்தீன் தூசி. முக்கோணத்தின் பெயரை இதற்குச் சூட்டியவர் ஜெர்மனியின் பிட்டிஸ்கஸ், அது 1595இல். அதுவரை ஏறத்தாழ 1,700 ஆண்டு இது பெயரில்லாமலே, வட்டத்தையும் வானத்தையும் நம்பிப் பிழைத்த கலை.

மணலூர்பேட்டைக்கு இப்போது போகலாம். தை மாதம் 5ஆம் நாள் அங்கே தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். சுற்றுவட்டாரச் சாமிகளும் மணலில் வந்து இறங்குகின்றன. கூட்டத்தையும் கடைகளையும் வருணிக்க எனக்கு இடமில்லை. எனக்கு வேண்டியது தேதி. இந்த விழா திதியோ நட்சத்திரமோ பார்த்து வைப்பதல்ல. தை 5 என்றால் தை 5. ஆங்கிலக் கணக்கில் ஜனவரி 18 அல்லது 19. தை முதல் நாள் எது என்று தெரிந்தால் விழா நாள் தெரியும். தை முதல் நாள் எது என்பதைச் சொல்வது சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம். அந்த நேரத்தைச் சொல்வது சைன்.

எப்படி? சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதாகத் தெரிவதில்லை. ஆனியில் மெதுவாகவும் மார்கழியில் விரைவாகவும் போகிறது. அதனால்தான் ஆனி மாதம் 31 நாளும் 14 மணி நேரத்துக்கு மேலும் நீள்கிறது, நாட்காட்டியில் சில ஆண்டுகளில் 32 நாள். மார்கழி 29 நாளும் 8 மணி நேரமும்தான், 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடும். தமிழ் மாதங்கள் ஏன் இப்படிச் சமமில்லாமல் இருக்கின்றன என்று கேட்டால் பெரியவர்கள் வழக்கம் என்பார்கள். வழக்கம் அல்ல, கணக்கு. ஆரியபட்டர் முறையில் சூரியனின் சராசரி இடத்தைக் கண்டபின், சூரியன் மிக மெதுவாக நகரும் இடமான உச்சத்திலிருந்து அது எவ்வளவு கோணம் விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்தக் கோணத்தின் அரை நாணில் எண்பதில் மூன்று பங்கைத் திருத்தமாகச் சேர்க்கவோ கழிக்கவோ வேண்டும். உச்சம் 78ஆம் பாகையில், மிதுன ராசியில், அதாவது ஆனியில் இருக்கிறது.

போட்டுப் பார்ப்போம். சித்திரை பிறக்கும்போது சூரியன் உச்சத்திலிருந்து 78 பாகை தள்ளி நிற்கிறது. திருத்தம் 126 கலை. தை பிறக்கும்போது உச்சத்துக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து 12 பாகை கடந்திருக்கிறது. திருத்தம் 27 கலை. இரண்டு வேளையிலும் உண்மைச் சூரியன் சராசரிச் சூரியனுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் முன்னிலை 126இலிருந்து 27 ஆகச் சுருங்கிவிட்டது. இழந்தது 99 கலை. நாளொன்றுக்கு 59 கலையும் சற்று அதிகமும் நகரும் சூரியன் அதை ஈடுகட்ட ஏறத்தாழ 1 நாள் 16 மணி நேரம் ஆகும். சைன் என்ற ஒன்றை நம் பஞ்சாங்கம் அறியாமல் இருந்து, மாதங்களைச் சமமாக வெட்டியிருந்தால், சித்திரை முதல் நாளை மாற்றாமலே பொங்கல் ஒன்றரை நாளுக்கு மேல் முன்னால் வந்துவிடும். அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு வேறொரு நாளில் வருவார்.

இதை ஒவ்வோர் ஆண்டும் யாரும் புதிதாக உட்கார்ந்து போடுவதில்லை என்பது மெய். கோயில்கள் பெரும்பாலும் கைக்கொள்ளும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் விடைகள் முன்பே சமைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. சூரியன் ராசிக்குள் நுழையும் நேரங்களுக்கு வாக்கியங்கள் உண்டு. சந்திரனின் நாளாந்த இடத்துக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். மனப்பாடம் செய்தவர் வாயிலிருந்து வருவது வாழ்த்துப் போலக் கேட்கும். உள்ளே இருப்பது பாகையும் கலையும்.

வாக்கியங்கள் வடமொழியில் இருக்கின்றன, அது எப்படி நம்முடையது என்று உடனே கேட்பார்கள். இந்த முறையை வகுத்துச் சொல்லும் வாக்கியகரணம் 1300 வாக்கில் தமிழ்நாட்டுப் பகுதியில் உருவானது என்பதே ஆராய்ந்தவர்கள் கருத்து. அதற்கு உரை எழுதிய சுந்தரராஜர் தமிழ்நாட்டுக்காரர். கேரளத்து நீலகண்ட சோமயாஜியோடு கேள்வி பதில் நடத்தியவர். சில குடும்பங்களுக்குள் இந்த அறிவு பூட்டப்பட்டுக் கிடந்தது என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை; அதற்குரிய கோபமும் எனக்கு உண்டு. ஆனால் பூட்டி வைத்தவர்மேல் உள்ள கோபத்தில், பூட்டப்பட்ட சொத்து இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு தச்சு வாய்ப்பாட்டை வாங்கிக்கொள்வது என்ன வியாபாரம்? மூலம் தூயதா என்று பார்க்கப் போனால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. ஆரியபட்டரின் வானியலுக்குள் கிரேக்கரின் வட்டங்கள் இருக்கின்றன. கிரேக்கரின் எண்களுக்குள் பாபிலோனியரின் அறுபது இருக்கிறது.

எதிர்த் திசையிலிருந்து வரும் கட்சியும் ஒன்று உண்டு: இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கியதிலிருந்துதான் இந்த மண்ணுக்கு முக்கோணவியல் தெரியும் என்பார்கள். அந்த லாம்டனுக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் ஜான் வாரன். இத்தாலியில் பிறந்த பிரெஞ்சுக்காரர், சென்னை வானோக்கு நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர். தென்னிந்தியக் கால அளவை முறைகளைத் திரட்டி 1825இல் காலசங்கலிதம் என்ற நூலைச் சென்னையில் வெளியிட்டார். அவர் பதிந்து வைத்திருக்கும் ஒரு காட்சிக்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறில்லை. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர். தாள் இல்லை, கோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தி, 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். பின்னால் ஒப்பிட்டபோது கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அவருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல்தான் அபாரம் என்றும் வாரன் சொல்கிறார். 52 நிமிடம் சிறிய பிழை அல்ல. பல நூற்றாண்டாக வானத்தோடு சரிபார்க்காமல் ஓதிக்கொண்டே வந்ததன் விலை அது. ஆனாலும் பிழை எவ்வளவு என்று நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிற இடத்தில் அவர் நின்றார். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி பிடித்துப் பழகிய வாரன் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு யோசனை. பஞ்சாங்கத்தில் சங்கராந்தி நேரங்கள் பன்னிரண்டும் இருக்கும். மாணவர்களை விட்டு அடுத்தடுத்த இரண்டுக்கு இடைப்பட்ட மணி நேரத்தை எடுக்கச் சொல்லி, வரைபடத்தாளில் மாதத்துக்கு ஒரு புள்ளியாக வைக்கச் சொல்லலாம். ஆனி மேட்டில் நிற்கும், மார்கழி பள்ளத்தில். புள்ளிகளை இணைத்தால் பாடநூலில் படமாக மட்டும் பார்த்த வளைவு கிடைக்கும். அடுத்த வகுப்பில் எண்பதில் மூன்றைக் கொடுத்து, அதே புள்ளிகள் கணக்கிலும் வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லலாம். ஆரியபட்டரின் 24 எண்களே போதும், கால்குலேட்டர் வேண்டாம்.